"கடலுக்குப் போகணும்"னு நடுராத்திரி கதவை இடிக்கிறாக: மாத்திரையைக் கூட்டவா, நிறுத்தவா?

தங்கச்சிமடத்தாள்
திங்கள், ஜூலை 1, அதிகாலை 3:40

வணக்கம். ரெண்டு வருசமா இங்க வாசிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன். இன்னைக்கு எழுதாம முடியல. இப்பத்தான் அவுக கட்டில்ல உக்காந்தாக.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு 74. நாப்பது வருசம் ராமேஸ்வரம் ஜெட்டியில போட் டிரைவர். ரெண்டு வருசம் முன்னாடி மதுரையில ஸ்கேன் எடுத்து அல்சைமர்னு சொன்னாங்க. மறதிக்கு டொனெபெசில் 10 ராத்திரி, மெமன்டின், பிரஷருக்கு ஒண்ணு. இம்புட்டு நாளும் மறதிதான். சாப்பிட்டுட்டு சாப்பிடலேம்பாக, என்னைய அவுக அக்கா பேரு சொல்லிக் கூப்பிடுவாக. அதெல்லாம் பழகிப் போச்சு.

ரெண்டு வாரமா வேற ஆளா ஆயிட்டாக. மூணு மணிக்கு எந்திரிச்சு "ஐஸ் ஏத்தணும், டீசல் பிடிக்கணும், ஆளுக நிக்கிறாக"ன்னு கதவை இடிக்கிறாக. தடுத்தா கைய முறுக்குறாக. என் மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு. கல்யாணம் ஆகி 47 வருசத்துல என்னைய ஒரு அடி அடிச்சதில்ல.

பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினேன். ரெண்டு நிமிசம் பார்த்துட்டு குவெட்டியாபின் 50, குளோனாசெபாம் 0.5, ராத்திரிக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. இன்னையோட ஆறு நாள். பகல் பூராவும் தூக்கம், வாயில எச்சி ஒழுகுது, நடந்தா தள்ளாடுறாக. ராத்திரி மட்டும் அதே கூத்து. கிளினிக்ல போன் பண்ணிக் கேட்டா "100 ஆக்குங்க"ங்கிறாங்க.

கூட்டவா, நிறுத்தவா? இன்னொண்ணு, கேக்கவே கூச்சமா இருக்கு. நான் தூங்கணும்னு அவுகளுக்கு மருந்து கொடுக்கிறேனோ?

கீழக்கரை காக்கா
திங்கள், ஜூலை 1, காலை 6:05

தங்கச்சி, சுபுஹு தொழுதுட்டு வந்து பார்த்தேன். எனக்கு 78. என் வீட்டம்மாவுக்கு இது அஞ்சாவது வருஷம். உங்க கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். ஆமா, நானும் தூங்குறதுக்காகத்தான் கொடுத்தேன். மூணு ராத்திரி தூங்காத மனுஷன் நாலாவது நாள் என்ன செய்வான்னு எனக்குத் தெரியும், ஏன்னா நான் கை ஓங்கிட்டேன். அடிக்கல. ஓங்கின கை இன்னும் கண்ணுல நிக்கிது. அதை விட மாத்திரை தேவலை.

ஆனா கூட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ரெண்டு வாரத்துல ஒரு மனுஷன் "வேற ஆளா" மாறினா அது மறதி நோய் முத்தினது இல்ல. முத்தல் மாசக் கணக்குல வரும். திடீர்னு வந்தா உள்ள வேற என்னவோ நடக்குது. என் வீட்டம்மா ஒரு தடவை தட்டை எறிஞ்சு என்னை "நீ யாருடா"ன்னு கேட்டாள். அன்னைக்கு அவளுக்கு நீர்த்தாரையில கிருமி. காய்ச்சல் கூட இல்ல. அஞ்சு நாள் ஆன்டிபயாடிக், பழைய ஆளா ஆயிட்டா.

மலம் போய் எத்தனை நாள் ஆச்சு? ஒண்ணுக்கு எப்படிப் போகுது? புதுசா ஏதாச்சும் மருந்து, கசாயம், இருமல் சிரப்பு? விழுந்தாரா? பல் வலியா?

பார்மசி தம்பி
திங்கள், ஜூலை 1, காலை 9:30

ராமநாதபுரத்தில் மெடிக்கல் ஷாப்பில் 16 வருஷமா நிக்கிறேன். காக்கா கேட்டதில் "புதுசா ஏதாச்சும் மருந்து"ங்கிறதுக்குக் கீழே நானும் கோடு போடுறேன். அத்தை, வீட்ல இருக்கிற எல்லா அட்டையையும் பாட்டிலையும் ஒரு மஞ்சப் பையில போட்டு மேசையில கொட்டுங்க. கடையில சீட்டு இல்லாம வாங்கினது, மருமக கொடுத்தது, எல்லாம். பேரைப் பார்த்து இங்க எழுதுங்க.

குவெட்டியாபின் அட்டையில பேருக்குப் பக்கத்துல "எஸ்ஆர்"னு போட்டிருக்கா பாருங்க. போட்டிருந்தா அது மெதுவாக் கரையுற வகை, அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியா இறங்கிடும்.

ஷார்ஜா மகள்
திங்கள், ஜூலை 1, காலை 11:15

ஆன்ட்டி, ப்ளீஸ் அந்த மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க. எங்க அப்பாவுக்கு ஆவேசம் அடங்க ஹாலோபெரிடால் ஊசி போட்டாங்க. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில, பேர் சொல்ல விரும்பல. மூணு நாள்ல கட்டை மாதிரி ஆயிட்டார், தண்ணி கூட முழுங்க முடியல. ஒன்பதாவது நாள் நிமோனியா. அம்மா இன்னும் "நான்தான் அந்த ஊசிக்குக் கையெழுத்துப் போட்டேன்"னு அழறாங்க. இந்த வகை மருந்துகளுக்கு எல்லாம் அமெரிக்காவில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கு. டிமென்ஷியாங்கிற மறதி நோய் உள்ள வயசானவங்களுக்குக் கொடுத்தா சாவுன்னு எழுதியே இருக்கு. இங்க யாருமே அதைச் சொல்லல.

மண்டபம் 67
திங்கள், ஜூலை 1, மதியம் 1:20

டாக்டருங்க எல்லாம் காசு புடுங்கத்தான். நம்ம பக்கத்துல ஏர்வாடி தர்கா இருக்கு. ஒரு மண்டலம் கொண்டு போயி வைங்க, சரியாப் போகும். அதுவரைக்கும் ராத்திரி மட்டும் கால்ல ஒரு சங்கிலி. ஊருல எல்லாரும் செஞ்சதுதான்.

கீழக்கரை காக்கா
திங்கள், ஜூலை 1, மதியம் 2:10

மண்டபம் தம்பி, நானும் ஏர்வாடிக்குப் போறவன். வருஷம் தவறாம சந்தனக்கூடு பார்க்கிறவன். துவா வேற, சங்கிலி வேற. 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலையில அங்க ஒரு காப்பகத்துக் கொட்டகை தீப்பிடிச்சப்ப 28 பேர் கருகினாங்க. கால்ல சங்கிலி, எந்திரிச்சு ஓட முடியல. அன்னைக்கு இந்தக் கடற்கரை பூராவும் பேச்சில்லாமக் கிடந்துச்சு, நான் இருந்தேன். அதுக்கப்புறமும் "எல்லாரும் செஞ்சதுதான்"னு எழுதுறீங்க. 2017 மனநலச் சட்டத்துல 95-ஆம் பிரிவு சங்கிலியை எந்த வடிவத்துலயும் தடுக்குது. ஏர்வாடியிலயே இப்ப அரசு டாக்டர் வந்து மருந்து கொடுக்கிறாங்க, தெரியுமா? தர்காவுக்கு வர்றவங்க துவாவும் கேக்கிறாங்க, மாத்திரையும் வாங்கிட்டுப் போறாங்க.

நெறியாளர்
கட்டிப் போடச் சொல்லும் பதிவுகள் இனி நீக்கப்படும். மேலுள்ளதை மட்டும், அதற்கு வந்த பதிலுக்காக விட்டு வைக்கிறேன்.

உச்சிப்புளி டாக்டர்
திங்கள், ஜூலை 1, இரவு 9:45

பொது மருத்துவன், மனநல நிபுணன் அல்ல. அம்மா, ஆளைப் பார்க்காமல் டோஸ் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சிலது சொல்லலாம்.

ஷார்ஜா மகள் சொல்வது பொய் இல்லை, ஆனால் பாதிதான். 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பெரும்பாலும் 10 வார ஆய்வுகள். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குவெட்டியாபின் வகை எடுத்தவர்களில் 100க்கு 4.5 பேர், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 2.6 பேர் இறந்திருந்தார்கள். இதயம், நிமோனியா போன்ற தொற்று, இரண்டும்தான் முக்கியக் காரணம். 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை வந்தது. ஆக, நூறு பேருக்குக் கொடுத்தால் இரண்டு பேர் கூடுதலாகப் போகிறார்கள். இது சின்னக் கணக்கு இல்லை. அதற்காக, மனைவியின் கை முறிவதும், கணவர் இருட்டில் மெயின் ரோட்டுக்கு ஓடுவதும் ஆபத்தே இல்லாதவை என்று ஆகிவிடாது. தராசில் இரண்டு தட்டு.

ஷார்ஜா மகளுக்கு ஒன்று. உங்கள் அப்பாவுக்கு முன்பே இல்லாத குழந்தைகள், பூச்சிகள் கண்ணுக்குத் தெரிந்தனவா? நடை சின்னச் சின்ன அடியாக இருந்ததா? தூக்கத்தில் கை காலை வீசினாரா? லூயி பாடி என்று ஒரு வகை டிமென்ஷியா உண்டு. அதில் ஹாலோபெரிடால் போட்டால் உடம்பு அப்படியே இறுகிப் போகலாம். அந்த வகை என்று கண்டுபிடிப்பதே சிரமம். அம்மா கையெழுத்துப் போட்டது குற்றமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்து அம்மாவுக்கு: ஆறு நாள் பார்த்தும் ராத்திரி மாறவில்லை, பகலில் தள்ளாடுகிறார் என்றால் டோஸைக் கூட்டுவதற்கு அது காரணமே இல்லை. இன்னொன்று, குளோனாசெபாம், அல்பிரசோலம் வகை வயதானவர்களுக்குத் தூக்கம் கொடுக்காமல் குழப்பத்தைக் கூட்டுவது உண்டு. விழுந்து இடுப்பு எலும்பு போவதும் அதனால்தான். நாளைக்கே நேரில் காட்டுங்கள். அடிவயிற்றைக் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர், சோடியம், சர்க்கரை, இசிஜி பார்க்கட்டும். காய்ச்சலோடு கழுத்து இறுகினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, சாப்பாடு புரை ஏறினாலோ 108.

தங்கச்சிமடத்தாள்
செவ்வாய், ஜூலை 2, காலை 7:10

பார்மசி தம்பி, கொட்டிப் பார்த்தேன். மஞ்சப் பை நிறைய இருந்துச்சு. ஜூன் பத்தாம் தேதி வாக்குல சளி பிடிச்சிருந்துச்சு, கடையில ஒரு சிரப்பு வாங்கினோம். ராத்திரி நல்லாத் தூங்குறாகன்னு நான் விடாமக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். பாட்டில்ல குளோர்பெனிரமைன்னு போட்டிருக்கு. இது ரெண்டாவது பாட்டில். குவெட்டியாபின்ல எஸ்ஆர் இல்ல.

ஒண்ணுக்கு அடிக்கடி போறாக, சொட்டுச் சொட்டா. வேட்டி நனைஞ்சுக்கிட்டே இருக்கு, நான் மறதியாலன்னு நினைச்சுட்டேன். மலம் அஞ்சு நாளாச்சு.

பார்மசி தம்பி
செவ்வாய், ஜூலை 2, காலை 7:25

அத்தை, அந்தப் பாட்டிலை மூடி வைங்க. இனி ஒரு சொட்டும் வேணாம். டொனெபெசில் மூளையில எதைக் கூட்டுதோ அதையே இந்தச் சிரப்பு அடைக்கும். ஒரு கையால கொடுத்து மறு கையால புடுங்குற கதை. ஆம்பளைங்களுக்குப் புராஸ்டேட் வீங்கியிருந்தா ஒண்ணுக்கையே அடைச்சிரும். சொட்டுச் சொட்டா வர்றது ரொம்பி வழியுறதா இருக்கலாம். இன்னைக்கே போங்க, நாளைக்கு வேணாம். பாட்டிலையும் கையில எடுத்துட்டுப் போங்க.

அவில், அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்குக் கொடுக்கிற டிரைஹெக்சிபெனிடில், எல்லாம் ஒரே கூட்டம்தான். நானே எத்தனை பேருக்கு வித்திருக்கேன்னு நினைச்சா சங்கடமா இருக்கு. இப்ப அறுபது தாண்டினவங்களுக்குன்னா ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் கொடுக்கிறேன்.

தங்கச்சிமடத்தாள்
புதன், ஜூலை 3, இரவு 8:30

ராம்நாடு பெரியாஸ்பத்திரியில இருக்கோம். ஒண்ணுக்குப் போக டியூப் விட்டாக. ஒரு லிட்டருக்கு மேல வந்துச்சு. நர்ஸ் புள்ள பையைப் பார்த்துட்டு "இம்புட்டையும் வச்சுக்கிட்டு இந்தத் தாத்தா எப்படிம்மா சும்மா இருப்பாரு"ன்னுச்சு. நான் அந்த இடத்திலேயே உக்காந்துட்டேன். ரெண்டு வாரமா அவுக கதவை இடிச்சது கடலுக்குப் போறதுக்கா, வயிறு வெடிச்சதுக்கா? சொல்லத் தெரியாம கடல்னாக போல.

எனிமா கொடுத்தாக. சிறுநீர்ல கிருமியும் கொஞ்சம் இருக்காம். நேத்து ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினாக. நானும் பெஞ்சுல தூங்கிட்டேன், மணிப்பர்சு தொலைஞ்சு போச்சு. போகட்டும்.

தொண்டி அக்கா
புதன், ஜூலை 3, இரவு 10:00

மதினி, படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. எங்க சாருக்கு (வாத்தியாரா இருந்தவர், நானும் சார்னுதான் கூப்பிடுவேன்) முழங்கால் வலி. வலிக்குதுன்னு சொல்ல வார்த்தை போயிருச்சு, குளிக்க வைக்கப் போனா கடிப்பாரு. ஒரு பாரசிட்டமால் கொடுத்து அரை மணி கழிச்சுக் குளிக்க வச்சா ஆளு பசு மாதிரி. நார்வேயில 2011ல முதியோர் இல்லங்கள்ல இதையே சோதிச்சுப் பார்த்து, வலிக்கு ஒழுங்கா மருந்து கொடுத்தாலே ஆவேசம் குறையுதுன்னு எழுதியிருக்காங்கன்னு எங்க டாக்டர் சொன்னாரு.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் போடுங்க. எந்த நாள், எத்தனை மணி, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, என்ன செஞ்சு அடங்குச்சு.

தங்கச்சிமடத்தாள்
வியாழன், ஜூலை 11, இரவு 9:15

வீட்டுக்கு வந்து அஞ்சு நாள் ஆச்சு. டியூப் எடுத்துட்டாக, புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை சேந்திருக்கு. மனநல ஓபியிலயும் காட்டினோம். அந்தம்மா பொறுமையா முக்கால் மணி நேரம் கேட்டாக. குளோனாசெபாம் கொடுத்தது பத்து நாள்தான்கிறதால பாதியாக்கி ஒரு வாரத்துல நிறுத்தச் சொல்லிட்டாக. டொனெபெசிலைக் காலைக்கு மாத்திட்டாக, ராத்திரி போட்டா சிலருக்குக் கெட்ட கனவு வருமாம். குவெட்டியாபினை 25ல பாதி, ராத்திரி எட்டு மணிக்கு. "எதுக்காகக் கொடுக்கிறோம்? அடிக்கிறதுக்கும் கதவை இடிக்கிறதுக்கும் மட்டும். ஒரே கேள்வியை நூறு தடவை கேக்கிறதுக்கு இது கேக்காது, சும்மா நடக்கிறதுக்கும் கேக்காது. நாலு வாரம் பார்ப்போம், பலன் இல்லேன்னா நிறுத்திருவோம்"னாக. இசிஜி எடுத்துட்டுத்தான் எழுதினாக.

நோட்டுப் போட்டாச்சு. நான் 28 வருசம் சத்துணவு அமைப்பாளர். அரிசி, பருப்பு, முட்டை இருப்புக் கணக்கு எழுதின கை. அதே மாதிரி ரூல் போட்டுட்டேன்.

முழு அமைதி இல்ல. ஞாயித்துக்கிழமை நல்லாத் தூங்கினாக. திங்கள் மூணரைக்கு எந்திரிச்சுக் கதவு. செவ்வாய் தூக்கம். புதன் மறுபடி கதவு, டம்ளரை எறிஞ்சாக. இன்னைக்கு ஒண்ணும் இல்ல. மாத்திரை ஒரு நாள் வேலை செஞ்சு ஒரு நாள் செய்யாதா?

ஷார்ஜா மகள்
வியாழன், ஜூலை 11, இரவு 10:20

உச்சிப்புளி டாக்டர் அங்கிள், நீங்க கேட்ட மூணுமே அப்பாவுக்கு இருந்துச்சு. சின்னப் பசங்க வாசல்ல நிக்கிறாங்கம்பார். அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல, ரொம்ப நேரம் கழிச்சு "அப்ப அது ஊசி இல்லையா, நோயா"ன்னு கேட்டாங்க. ரெண்டும்தான்னு சொல்லத் தோணுச்சு, சொல்லல.

ஆன்ட்டி, பிரெக்ஸ்பிபிரசோல்னு புதுசா ஒண்ணு வந்திருக்கே, அதைக் கேட்டுப் பாருங்களேன்.

உச்சிப்புளி டாக்டர்
வெள்ளி, ஜூலை 12, காலை 6:30

நன்றி மகளே. அம்மாவிடம் சொல்லாமல் விட்டதே சரி.

பிரெக்ஸ்பிபிரசோலுக்கு 2023 மே மாதம் அமெரிக்காவில் அல்சைமர் ஆவேசத்துக்கென்றே அனுமதி கிடைத்தது. அதற்கு முன் எந்த மருந்துக்கும் அங்கே இதற்கென்று அனுமதி இல்லை. மற்றவை எல்லாம் டாக்டர் தன் பொறுப்பில் எழுதுவதுதான். புதுசு என்பதால் ஆபத்து இல்லாதது என்று எண்ண வேண்டாம், அதே கறுப்புக் கட்டம் அதற்கும் உண்டு. சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தும் சிலருக்குக் கேட்கும், ஆனால் டோஸ் ஏறினால் இதயத் துடிப்பில் கை வைக்கும், அறுபது தாண்டியவர்களுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. தங்கச்சிமடத்து அம்மாவின் கணவருக்கு இப்போது மருந்து மாற்ற ஒரு காரணமும் தெரியவில்லை.

கீழக்கரை காக்கா
வெள்ளி, ஜூலை 12, காலை 6:40

தங்கச்சி, திங்கள், புதன். சனிக்கிழமை பாருங்க.

தங்கச்சிமடத்தாள்
சனி, ஜூலை 13, அதிகாலை 4:30

காக்கா! சனிக்கிழமையும்!

எனக்கு ஏன் இது தோணல. திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போற நாளு. எங்க வீடு மெயின் ரோட்டு மேல. அந்த மூணு நாளும் மூணு மணிக்கு ஐஸ் வண்டி போகும், டீசல் கேனைத் தூக்கிக்கிட்டுப் பயலுக பைக்ல கத்திக்கிட்டுப் போவானுக. ஏப்ரல் 15லருந்து 61 நாள் தடைக்காலம், ரோடு செத்துக் கிடந்துச்சு. ஜூன் 15லருந்துதான் மறுபடி. இவுகளுக்கு அப்பத்தானே ஆரம்பிச்சுச்சு. நான் இம்புட்டு நாளும் மாத்திரையைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருக்கேன். நாளு கிழமை மறந்து போச்சு, காது மறக்கல.

தொண்டி அக்கா
சனி, ஜூலை 13, காலை 8:00

கட்டிலைப் பின் ரூமுக்கு மாத்துங்க மதினி. ஃபேன் சத்தம் இருக்கட்டும். முழிச்சா "நீங்க ரிட்டயர்டு, படகை வித்தாச்சு"ன்னு சொல்லவே சொல்லாதீங்க, ஒவ்வொரு தடவையும் அப்பத்தான் வித்த மாதிரி துடிப்பாக. பாம்பன்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்க, யாரும் போகலன்னு சொல்லிப் பாருங்க.

தங்கச்சிமடத்தாள்
புதன், ஜூலை 17, காலை 9:00

தொண்டி மதினி, கூண்டு வேண்டாம் போங்க. அவுகளுக்கு 64 புயல்ல பதினாலு வயசு. சித்தப்பா தனுஷ்கோடியில போனவுக. கூண்டுன்னதும் கண்ணு ரெண்டும் விரிஞ்சு போச்சு. "சித்தப்பா வந்துட்டாரா, ரயில் வந்துருச்சா"ன்னு என் சேலையப் புடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் விடல. ஆவேசம் போயி அழுகை வந்திருச்சு.

இன்னைக்கு வேற சொன்னேன். கடலுக்குப் போக மீன்துறையில டோக்கன் வாங்கணும்ல. "இன்னைக்கு மீன்துறையில டோக்கன் போடல"ன்னேன். ரெண்டு நிமிசம் நின்னாக. "ஏன் போடல?" "தெரியல, ஆபீசரு வரல." "இவனுகளுக்கு வேற வேலை இல்ல"ன்னு ஆபீசரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிட்டு வந்து படுத்துட்டாக. நாப்பது வருசம் டோக்கனுக்கு நின்ன ஆளுல்ல.

ஷார்ஜா மகள்
புதன், ஜூலை 17, மதியம் 12:40

ஹாஹா ஆன்ட்டி. ஆனா ஒண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் பொய் சொல்றது உறுத்தலையா? எங்க அம்மாவால அது முடியவே இல்ல.

கீழக்கரை காக்கா
புதன், ஜூலை 17, மாலை 7:15

எனக்கு உறுத்துச்சு மகளே, முதல் வருஷம். மஃரிப் பாங்கு சொன்னா என் வீட்டம்மா எந்திரிச்சு "வாப்பா கொழும்புலருந்து வர்றாக, சோறு ஆக்கலையே"ன்னு அடுப்படியில பாத்திரத்தை உருட்டுவா. அவ வாப்பா மவுத்தாகி நாப்பத்திரெண்டு வருஷம். உண்மையைச் சொன்னேன். அன்னைக்குத்தான் செய்தி வந்த மாதிரி ஒப்பாரி. மறுநாளும் சொன்னேன், மறுநாளும் ஒப்பாரி. மூணாம் நாள் "கப்பல் தாமதம், நாளைக்குத்தான்"னேன். "அப்ப நீங்க சாப்பிடுங்க"ன்னு எனக்குச் சோறு போட்டா. எது பொய்யின்னு அல்லாஹ் பார்த்துக்கட்டும்.

மாத்திரையைப் பத்தியும் என் கணக்கைச் சொல்லிடுறேன், எல்லாம் கதையிலயே தீர்ந்ததுன்னு நினைச்சிரக் கூடாது. ரிஸ்பெரிடோன் 0.25ல ஆரம்பிச்சோம். ரெண்டு வேளை 0.5 ஆனப்ப சாயந்தரக் கூத்து நின்னுச்சு. ஆனா சாப்பிடும்போது கரண்டி தட்டுல தானா அடிச்சுச்சு, டக், டக், டக். அவளும் அதையே பார்த்துக்கிட்டு இருப்பா, யாரோ கதவைத் தட்டுற மாதிரி. டாக்டர் குறைச்சாரு, நாலாவது மாசம் நிறுத்திப் பார்த்தாரு. ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, மூணாவது வாரம் மறுபடி ஆரம்பிச்சது. இப்ப 0.25, ராத்திரி மட்டும். கரண்டி சத்தம் இல்ல. ரம்ஜானுக்கு அப்புறம் மறுபடி நிறுத்திப் பார்க்கலாம்னு இருக்கோம். நிறுத்திப் பார்த்து முடியாம திரும்ப ஆரம்பிச்சதுல எனக்கு வெக்கம் இல்ல. நிறுத்தியே பார்க்காம அஞ்சு வருஷம் விழுங்க வச்சிருந்தாத்தான் வெக்கம்.

பார்மசி தம்பி
புதன், ஜூலை 17, இரவு 10:50

இதுதான் நான் கடையில தினம் பார்க்கிறது. எப்பவோ ஒரு டாக்டர் "ஒரு மாசம்"னு எழுதின சீட்டு, மூணு வருஷமா அதையே நீட்டி வாங்கிட்டுப் போவாங்க. எழுதினவரும் மறந்துட்டாரு, வாங்குறவரும் மறந்துட்டாரு.

அத்தை, 25ஐப் பாதியாக்க பிளேடு, அருவாமனை எல்லாம் வேணாம். மாத்திரை வெட்டுற சின்ன டப்பா விக்குது. இன்னொண்ணு, ராம்நாடு போக முடியாத நாள்ல ராத்திரி கை மீறிப் போச்சுன்னா 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு இல்ல. உங்களுக்கு அழுகணும்னாலும் கூப்பிடலாம்.

மண்டபம் 67
வெள்ளி, ஜூலை 19, இரவு 11:30

காக்கா, அன்னைக்கு எழுதினது தப்பு. எங்க அய்யாவைத் தாத்தா அப்படித்தான் வச்சிருந்தாரு. நான் சின்னப் பய, சோறு கொண்டு போவேன். அவ்வளவுதான்.

கீழக்கரை காக்கா
சனி, ஜூலை 20, காலை 6:00

தம்பி, ஒரு நாள் கீழக்கரைப் பக்கம் வந்தா சொல்லுங்க. தொதல் வாங்கித் தர்றேன்.

தங்கச்சிமடத்தாள்
புதன், ஆகஸ்ட் 7, காலை 6:20

நாளைக்கு ஓபி, நாலு வாரக் கணக்கு. நோட்டைப் பார்த்துக் கூட்டிட்டேன். ஜூன் கடைசியில வாரத்துக்கு ஏழு ராத்திரியும் கதவு. ஜூலை மூணாவது வாரம் மூணு. போன வாரம் ஒண்ணு. கை நீட்டினது இந்த நாலு வாரத்துல ரெண்டு தடவை, ரெண்டும் குளிக்க வைக்கும்போது. பகல் தூக்கம் குறைஞ்சிருக்கு, எச்சி இல்ல. விழல. ஆனா நடை முன்ன மாதிரி இல்ல, காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு வைக்கிறாக, அதையும் எழுதி வச்சிருக்கேன். அரை மாத்திரையையும் நிறுத்திப் பார்க்கலாமான்னு நானே கேக்கப் போறேன். பயமாத்தான் இருக்கு. மகன் திருப்பூர்லருந்து வந்து பத்து நாள் இருக்கேங்கிறான், அந்தப் பத்து நாள்ல நிறுத்திப் பார்த்தா தேவலைன்னு தோணுது.

இன்னைக்குப் படகு போற நாளு. பின் ரூம்ல படுத்தும் மூணு இருபதுக்கு முழிச்சாக. கதவுக்குப் போகல. என்கிட்ட வந்து "டோக்கன் போட்டாச்சா"ன்னாக. "இன்னும் இல்ல"ன்னேன். "சரி, ஆளுக வெளிய நிக்கிறாக, டீயைப் போடு"ன்னாக. ஆறு கிளாஸ் போட்டேன். ஒண்ணு அவுக, ஒண்ணு நான். மீதி நாலும் திண்ணையில வரிசையா வச்சிருக்கு. எடுக்கப் போனா "அவனுக குடிக்கட்டும், விடு"ங்கிறாக.

பார்மசி தம்பி
புதன், ஆகஸ்ட் 7, காலை 6:45

நல்லது அத்தை. காலைத் தேய்க்கிறதை ஓபியில முதல் வார்த்தையா சொல்லுங்க, கடைசியா இல்ல. சிரப்பு பேரை நோட்டு முதல் பக்கத்துல சிவப்பு மையில எழுதுங்க, அடுத்த சளிக்கு வேற யாராச்சும் வாங்கிட்டு வந்துருவாங்க. அப்புறம் மூணு மணி டீயில டிகாஷன் கம்மியா ஊத்துங்க.